பள்ளி மணி அடித்த பிறகு



இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் பள்ளி மணி அடித்த பிறகு, பொழுது சாயும் வரை, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் தனியாக இருக்கிறார்கள்? எத்தனை பேர் மனம் வாடிக் கிடக்கிறார்கள்? "அது யாருக்குங்க தெரியும்?" என்றுதான் பதில் வரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. நம் பிள்ளைகளின் நிலையை யார் அளந்தார்கள், அளந்ததால் என்ன விளைந்தது என்பதைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளை முதலில் எண்ணச் சொன்னது சட்டம்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அதனால் பள்ளிகள் பெருகின. 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஆனால் அன்று எண்ணியது தலையை மட்டுமே. மணி அடித்த பிறகு தம்பி தங்கையைத் தூக்கிச் சுமந்த அக்காவையும், அப்பாவோடு பால்மரக் காட்டுக்குப் போன அண்ணனையும் யார் கணக்கில் எழுதினார்கள்?

பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளியை விடுகிறார்கள் என்று நாடு முழுவதற்குமாகக் கேட்ட ஆய்வின் அறிக்கை 1973இல் வந்தது. முராட் அறிக்கை என்று அதைச் சொல்வார்கள். படிப்பை விடுவதற்கும் வறுமைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று அது காட்டியது. அதுவரை, "புள்ளைக்கு மண்டையில ஏறல" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தாம் அதிகம். வீட்டு நிலைமையையும் பார்க்க வேண்டும் என்பது அதன்பின் எடுபட்டது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு தரும் திட்டமும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே வந்தது. பார்த்தீர்களா? பசியை எண்ணினால்தான் தட்டில் சோறு விழுகிறது!

மாலை வகுப்புகளின் கதையும் இதுதான். 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். தேர்வில் நம் பிள்ளைகள் பின்தங்குவதைக் கண்ட கவலைதான் அதற்கு வித்து. தொண்டு மனம் கொண்ட இளைஞர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். சிங்கப்பூரில் இந்தியப் பிள்ளைகளின் தேர்ச்சியை, முக்கியமாகக் கணிதத் தேர்ச்சியை, ஒரு குழு ஆராய்ந்தது. அதன் பயனாக 1991இல் சிண்டா பிறந்தது. துணைப்பாட வகுப்புகள் ஊர் முழுவதும் நடந்தன.

சரி, தேர்ச்சியை எண்ணினோம். மனத்தை எண்ணினோமா? நம் சுகாதார அமைச்சு 2022இல் இளையர் நலத்தைப் பற்றிப் பெரிய ஆய்வு நடத்தியது. மனச்சோர்வின் அறிகுறி ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இருந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் பத்துப் பேர்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கணக்கு 13 முதல் 17 வயது வரையுள்ள இடைநிலைப்பள்ளி மாணவருடையது. நம் பிள்ளை நம்மை விட்டுப் போன பிறகுதான் அந்தக் கணக்கில் சேருகிறான். அதோடு, நாட்டுக் கணக்கில் நம் தோட்டம் தனியாகத் தெரியாது. ஆகவே, இங்கே எண்ண வேண்டியவர்கள் நாம்தான்.

எண்ணுவதிலும் நேர்மை வேண்டும். மாலை வகுப்புக்கு வந்த இருபது பேரும் நன்றாகத் தேறினார்கள் என்று வையுங்கள். வகுப்பால் தேறினார்களா, அல்லது ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகள்தாம் வந்தார்களா? வருவதற்கு முன் எப்படி இருந்தார்கள் என்று எழுதி வைத்திருந்தால்தான் பதில் கிடைக்கும். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதையும் கேட்க வேண்டும். வண்டி இல்லையா? வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லையா? மாலை வகுப்பு அதிகம் தேவைப்படுவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

இதற்குப் பெரிய செலவு இல்லை, ஐயா. ஒரு கணக்குப் புத்தகமும், பொறுமையாகக் கேட்கும் ஒரு காதும் போதும். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அடிக்கடி விடுமுறை எடுப்பவர் யார் என்பது ஏற்கெனவே இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு இரண்டு முறை நாலே கேள்வி கேட்கட்டும்: மாலையில் உன்னோடு வீட்டில் யார் இருக்கிறார்கள்? சாப்பிட்டாயா? யாரோடு விளையாடினாய்? மனக்கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வாய்? பதிலில் பெயர் வெளியே வரக்கூடாது. பிள்ளை நம்பிச் சொன்னது லயத்துக் கதையாகப் போய்விட்டால், அடுத்த முறை அது வாய் திறக்காது. உதவி தேவைப்படும் பிள்ளையை ஆசிரியர் மட்டும் அறிந்து, தனியே அழைத்துப் பேசட்டும்.

பெற்றோர்களே, கேள்விக்கு அஞ்ச வேண்டாம். அது குற்றம் கண்டுபிடிக்க அல்ல. அந்தி சாய வேலை முடிந்து வரும் தாயைக் குறை சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஆனால் இத்தனை தாய்மார் அப்படி வருகிறார்கள் என்ற எண்ணிக்கை கையில் இருந்தால், வாரியத்திடமும் அரசாங்கத்திடமும் மாலை வகுப்பும், வண்டியும், ஒரு வேளைத் தின்பண்டமும் கேட்டு வாதாடலாம். வெறுங்கையோடு போனால் "பார்ப்போம்" என்பார்கள். கணக்கோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

பரிசு பெற்ற பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்துவோம். கீழே உட்கார்ந்து கைதட்டிய பிள்ளைகளையும், அவர்களுடைய மாலைப் பொழுதையும், இந்த ஆண்டு முதல் எண்ணத் தொடங்குவோம்!