நுய்மெரோவும் நோம்ப்ரும்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எண்ணிக்கையைச் சொல்ல அந்த மொழியில் 'நோம்ப்ர்' என்பார்கள். வீட்டுக் கதவிலோ கோப்பிலோ எழுதும் எண்ணுக்கு 'நுய்மெரோ'. முதலாவதைக் கூட்டலாம், கழிக்கலாம். இரண்டாவது வெறும் பெயர். பத்தாம் எண் வீட்டையும் இருபதாம் எண் வீட்டையும் கூட்டினால் முப்பதாம் எண் வீடு வந்துவிடாது.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் மகன் சென்ற வாரம் சொன்ன ஒரு செய்தி இந்தப் பாடத்தை நினைவூட்டியது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். அதில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 'புரோசஸ்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லித்தான் 'நிறுத்து' என்று ஆணையிட வேண்டும். ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இது சாதாரண முழு எண்தான். பிற்பாடு அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். உள்ளே இருப்பது அதே முழு எண். நுய்மெரோவை நோம்ப்ராகவே நடத்தினார்கள்.

இதில் என்ன ஆபத்து? புதிய புரோசஸைத் தொடங்கும் ஆணை, தோற்றுப்போனால் மைனஸ் 1 என்று விடை தரும். நிறுத்தும் ஆணையிலோ மைனஸ் 1 என்றால், 'என் அதிகாரத்துக்கு உட்பட்ட ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுத்து' என்று பொருள். தோல்வியைக் கவனிக்காமல் அந்த விடையைக் குறித்துவைத்து, பிறகு நிறுத்தச் சொன்னால் மொத்தமும் போயிற்று.

2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் மொழியில், இந்த எண்ணைத் தனி இனமாகவே வைத்துக்கொள்ள முடிகிறது. அப்படி எழுதப்பட்ட நூலகங்களில் சாதாரண எண்ணை அதன் இடத்தில் வைத்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே மறுப்பு வந்துவிடும். ஒன்றை நிறுத்துவதற்கும் ஒரு கூட்டத்தை நிறுத்துவதற்கும் தனித்தனி ஆணைகள்.

இரண்டாவது ஆபத்து எனக்குப் பழக்கமானது. லினக்ஸில் இந்த எண்களுக்கு ஒரு வரம்பு உண்டு; நெடுங்காலம் அது வழக்கமாக 32,768ஆக இருந்தது. அதை எட்டியதும், முடிந்துபோனவற்றின் எண்கள் புதியவற்றுக்குப் போகும். பழைய எண்ணை நம்பி அனுப்பிய ஆணை வேறொன்றின் தலையில் விழும். இதற்கு மொழி மட்டும் போதாது. எண்ணுக்குப் பதில் அந்தக் குறிப்பிட்ட புரோசஸையே சுட்டும் பிடி ஒன்றை 2019இல்தான் லினக்ஸில் சேர்த்தார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், முடித்த கோப்பின் எண்ணைப் புதிய கோப்புக்குக் கொடுத்திருந்தோம். பழைய கோப்புக்கான நிறுத்த உத்தரவு தாமதமாக வந்தது. எண்ணைப் பார்த்தேன், நிறைவேற்றினேன். ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் இரண்டு மாதம் நின்றுபோனது.

அவர் என் மேசைக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நம்பரப் பாத்தீங்களே தம்பி, பேரப் பாக்கலியா?"