பொருநைக் கரையும் பௌத்தப் பணிவிடை அறமும்

ஆடி அமாவாசை நாளில் பாபநாசத்துப் படித்துறையில் நிற்போர், இறந்தோர்க்கெனத் தமிழர் வகுத்துக்கொண்ட கடன்கள் எத்துணை விரிவானவை என்பதைக் கண்ணாரக் காண்பர். நீத்தார் கடனுக்கு நெல்லைச் சீமையில் ஆறுண்டு, துறையுண்டு, நாளுண்டு, எள்ளும் நீரும் உண்டு. ஆனால் இறந்துகொண்டிருப்போர்க்கு உயிரோடிருப்போர் ஆற்ற வேண்டிய கடன் யாது? இவ்வினாவைத் தன் ஒழுக்க நூலிலேயே எழுப்பி, விதி வகுத்து விடை கூறிய சமயம் பௌத்தம். அவ்விடைக்கும் பொருநை பிறக்கும் பொதிய மலைக்கும் பழந்தொடர்பு ஒன்று உண்டு. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதியிலும் அவலோகிதரும்

பொதியில் என்றவுடன் தமிழ்நெஞ்சம் அகத்தியரை நினைக்கும். அவ்வகத்தியருக்குத் தமிழ் அருளியவர் அவலோகிதர் என்னும் செய்தியை, வீரராசேந்திர சோழன் காலத்துப் பௌத்தராகிய புத்தமித்திரர் தம் வீரசோழியத்துள் குறித்துள்ளார். மகாயான நூல்கள் அவலோகிதேசுவரரின் உறைவிடமாகப் பொதலகம் என்னும் மலையைக் கூறும். அம்மலை பொதியிலே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு.

ஏழாம் நூற்றாண்டில் இந்தியா போந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலயகூட நாட்டில் உள்ள பொதலக மலையைப் பற்றி எழுதியுள்ளார். அவர் அந்நாட்டிற்கு நேரிற் சென்றிலர், காஞ்சியில் கேட்டறிந்தவற்றையே எழுதினார் என்று கருதுவோர் பலர். ஆயினும் அவர் தரும் வருணனை கருதத்தக்கது. மலையுச்சியில் ஒரு தெளிந்த ஏரி, அதிலிருந்து புறப்படும் ஆறு மலையைப் பலமுறை சுற்றித் தென்கடலிற் கலக்கிறது, வழி கடினமானது, உச்சியை அடைவோர் மிகச் சிலர். மலையடிவாரத்து மக்கள் போதிசத்துவரைக் காண வேண்டி வழிபடும்போது, அவர் சிலவேளை சாம்பல் பூசிய பாசுபதர் வடிவிலும் சிலவேளை மகேசுவரர் வடிவிலும் தோன்றி அவர்தம் துயரை ஆற்றுவாராம்.

இச்செய்தியை இருசமயங்களின் கலப்புக்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. துன்புறுவோன் மலையேறி வரமாட்டான். அருளே கீழிறங்கி வருதல் வேண்டும். அவ்வாறு வரும்போது தன் வடிவில் வாராமல், துன்புறுவோன் அறிந்த வடிவில் வருதல் வேண்டும். சாகும் தறுவாயில் இருப்போரிடம் செல்லும் தொண்டர் முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவே. நோயாளி எந்தப் பெயரைச் சொல்லி இறைவனை அழைக்கிறாரோ, அந்தப் பெயரே அக்கட்டிலருகில் உரிய பெயர்.

விநயம் கூறும் விதி

பாலி விநய பிடகத்தின் மகாவக்கம், வயிற்றுக் கடுப்பால் நலிந்து தன் கழிவிலேயே கிடந்த துறவி ஒருவரைப் பற்றிக் கூறும். உடனுறைந்த துறவியர் அவரைப் பேணவில்லை. அவரால் தங்களுக்குப் பயனில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். புத்தர் ஆனந்தரைக் கொண்டு நீர் வருவித்தார். புத்தர் நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். பின்னர் ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் காற்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன்பின் சங்கத்தைக் கூட்டி, தாய் தந்தையரைத் துறந்து வந்தோர் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவர் என வினவிய புத்தர், தமக்குச் செய்யும் பணிவிடையை நோயாளிக்குச் செய்க எனவும் பணித்தார்.

இந்நிகழ்ச்சி இரக்கக் கதையாக முடிந்துவிடவில்லை, சட்டமாக விரிந்தது. ஆசிரியர் நோயுற்றால் மாணவரும், மாணவர் நோயுற்றால் ஆசிரியரும் பேண வேண்டும், எவரும் இல்லாதவரைச் சங்கமே பேண வேண்டும், பேணாமை குற்றம். பணிவிடை செய்வோர்க்கு ஐந்து தகுதிகளும் வகுக்கப்பெற்றன. மருந்து தரும் திறன். ஏற்பன ஏலாதன அறிதல். ஊதியம் கருதாத அன்பு. மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருப்பின்மை. தக்க வேளையில் நல்லுரையால் நெஞ்சைத் தேற்றுதல். இறந்த துறவியின் பாத்திரமும் ஆடையும் அவரைப் பேணியவர்க்கு உரியவாதலையும் அந்நூல் விதிக்கிறது. நல்லுரை ஐந்தாவதாக நிற்க, அருவருப்பின்மை அதற்கு முன்னர் நிற்பது எண்ணத்தக்கது. கழுவாத கை தேற்ற முடியாது.

இவ்வறம் துறவியர்க்கு மட்டும் உரியதன்று. நகுலபிதா என்னும் இல்லறத்தார் உயிர்க்கு அஞ்சத்தக்க நோயுற்றபோது, அவர்தம் மனைவியார் கட்டிலருகிருந்து கூறிய மொழிகளை அங்குத்தர நிகாயம் பதிவு செய்துள்ளது. தமக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், பிள்ளைகளைக் காக்கத் தம்மால் இயலும், ஆதலின் கவலையோடு உயிர்விட வேண்டா என்பது அவர் தந்த முதல் உறுதி. ஆழ்ந்த தத்துவத்தை அன்று, குடும்பம் பிழைக்கும் வழியையே அவ்வம்மையார் முதலிற் கூறினார். நகுலபிதா பிழைத்தெழுந்தார்.

மணிமேகலையின் அம்பலம்

தமிழில் இவ்வறம் காப்பிய உருப்பெற்ற இடம் மணிமேகலை. அமுதசுரபியின் சிறப்பைப் பேசுவோர் அது புகாரில் எங்கே பயன்பட்டது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். உலக அறவி என்னும் அம்பலம், பசியால் வாடினோரும், பேணுவார் இன்றிப் பிணியுற்றோரும் நாடி வந்து தங்கிய பொதுவிடம். அது சுடுகாட்டுக் கோட்டம் என மக்கள் வழங்கிய சக்கரவாளக் கோட்டத்தின் அருகில் இருந்தது. அரசிளங்குமரன் விரும்பிய அழகி, ஊர் அஞ்சி விலகும் அவ்விடத்தைத் தேர்ந்து சென்றாள். அவள் தவம் தொடங்கிய இடம் இறப்பின் அண்டையிலேயே அமைந்தது.

இரக்கமும் துயரமும்

அருகிருத்தல் எளிதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், கருணைக்குக் கொடுமை தொலைவிலுள்ள பகை என்றும், துயரம் அருகிலுள்ள பகை என்றும் பகுத்துரைக்கும். துயரம் கருணைபோலவே தோன்றும். ஆனால் நோயாளியை மறந்து தன்னையே நினைந்து அழும். நடுவுநிலைக்கு அருகிலுள்ள பகையோ அறியாமையால் வரும் அக்கறையின்மை. அழுது சோர்தலுக்கும் கல்லாய் நிற்றலுக்கும் இடையே மனத்தை நிறுத்தும் பயிற்சியே தியானம். ஆகவே பணிவிடை தியானத்தின் பயன் மட்டுமன்று. தியானம் மெய்யானதா என உரைத்துப் பார்க்கும் கல்லும் ஆகும்.

இக்காலத்தில் இம்மரபு புத்துயிர் பெற்றது. செவிலியாகவும், சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பயின்ற சிசிலி சாண்டர்சு 1967இல் இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லத்தை நிறுவினார். உடல்வலியோடு மனம், குடும்பம், ஆன்மிகம் ஆகியவற்றின் வலியையும் சேர்த்துக் காண வேண்டும் என்றது அவர் கொள்கை. 1985இல் சப்பானில் தமியா மசாசி என்னும் பௌத்த அறிஞர், அந்திமக்கால இல்லத்திற்கு விகாரை என்னும் பழம்பெயரையே சூட்ட முன்மொழிந்தார்; 1992இல் நாகவோகாவில் அத்தகைய பிரிவு ஒரு மருத்துவமனையில் அமைந்தது. 1987இல் சான் பிரான்சிசுகோவில் தொடங்கிய ஜென் ஹாஸ்பிஸ் திட்டம், தியானம் பயின்ற தொண்டர்களை லகூனா ஹோண்டா பொது மருத்துவமனை நோயாளரின் அருகில் அமர்த்தியது.

பொதியத்தின் மேற்கே, கேரளத்தில், சமயச் சார்பற்ற வகையில் இவ்வறம் ஊர்தோறும் பரவியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு மருத்துவ அமைப்பும், அதன் வழி எழுந்த அண்டையயலார் தொண்டர் குழுக்களும் நோயாளியின் வீட்டு வாயிலுக்கே சென்றன. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இல்லம் தேடி வரும் ஆதரவுச் சிகிச்சை இடம்பெற்றது. செவிலியர் வந்து மருந்திட்டுச் செல்வர். அவர் சென்றபின் வரும் நீண்ட இரவில் நோயாளிக்குத் துணை யார் என்பது அரசாணையால் தீரும் வினா அன்று. அண்டை வீட்டாரால் தீர வேண்டியது.

புலவர்க்கு உரிய கடன்

இறந்தோரைப் பாடத் தமிழில் கையறுநிலை உண்டு, ஒப்பாரி உண்டு. அவை காலம் கடந்தபின் எழும் குரல்கள். எனினும் முன்னரே வந்து அருகமர்ந்த புலவர் ஒருவரும் தமிழில் உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டி நாட்டிலிருந்து நடந்து வந்த பிசிராந்தையார், தமக்கென ஒதுக்கிய இடத்தில் அமர்ந்தார். அது பௌத்தமன்று, நட்பு. அவர் உடனுயிர் நீத்தார். இன்றைய தொண்டரிடம் அத்துணைப் பெரிய ஈகத்தை எவரும் கேட்கவில்லை. சென்று, கைகழுவி, அருகமர்ந்து, நோயாளி பேசினால் கேட்டு, பேசாவிடின் தாமும் பேசாதிருந்து, வீடு திரும்பினாற் போதும்.

பொதலகத்தின் உச்சியை அடைவோர் சிலரே என்றார் சீனத் துறவி. அடிவாரத்திற்கு வரும் அருளுக்கோ மலையேற்றம் தேவையில்லை. பொருநைக் கரையின் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கட்டில் காத்திருக்கிறது. அதனருகே ஓர் இருக்கை இன்னும் ஒழிந்தே கிடக்கிறது.