தேயிலைக்கு நடுவே ஒரு ரக்பி மைதானம்

எங்க திருவண்ணாமலையில் ரக்பி என்றால் “அமெரிக்காக்காரன் ஆட்டமா சார்?” என்பார்கள். ஆனால் இலங்கை ரக்பியின் கதையில் பழைய வடஆற்காட்டு ஆட்களுக்கும் இடமுண்டு, கோட்டுக்கு வெளியே.

1879-இல் கொழும்பில் முதல் கிளப். மலையகத்தில் ஆட்டத்தை வளர்த்தவர்கள் தோட்டத் துரைமார். டிக்கோயா, திம்புள்ளை கிளப் மைதானங்களைச் சுற்றித் தேயிலைதான். கங்காணியை வைத்து வாரமெல்லாம் வேலை வாங்கிவிட்டு, ஓய்வுநாளில் துரைமார் சேற்றில் புரண்டார்கள். கொழுந்து பறித்தவர்களை யார் ஆடக் கூப்பிட்டார்கள்?

ஆட்டம் உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது பள்ளிகள் வழியாக. கண்டி கிங்ஸ்வுட் கல்லூரி 1891-இல் தொடங்கியது. 1906-இல் டிரினிட்டியுடன் முதல் பள்ளிப் போட்டி. 1945 முதல் ராயலும் டிரினிட்டியும் மோதும் பிராட்பி கேடயத்துக்கு இன்றும் கூட்டம் அலைமோதும். எல்லாம் ஆங்கிலம் படித்த வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். லயப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஏது?

1948-இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1950-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் கொழும்பில் சிலோன் அணியோடு ஆடியபோது, ‘சிலோன்’ங்கிற பேருக்குள்ளயே அவங்க இல்ல. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. துரைமார் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அதில் எத்தனை பேரோ.