பரிசு பெற்ற பன்றிகளும் அற்றுப்போன இனங்களும்

கால்நடைச் செல்வம் என்றதும் நம் நினைவுக்கு வருவன பசுவும் எருமையும் ஆடுமே. பன்றியை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் நம்மிடையே சிலரே. ஆயின், இங்கிலாந்தின் நாட்டுப்புற வாழ்வை ஆராயப் புகுவோர் பன்றியை ஒதுக்கிவிட்டு ஓரடியும் நகர இயலாது. குடிசைவாழ் உழவனும் நெசவாளியும் கொல்லைப்புறத்தில் ஒரு பன்றியையேனும் வளர்த்தனர். சமையற் கழிவும், வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய மோரும், தோட்டத்தில் உதிர்ந்த ஆப்பிளும் அதன் தீனி. குளிர்காலத்தில் அதுவே குடும்பத்தின் இறைச்சியாகவும் கொழுப்பாகவும் அமைந்தது.

மண்ணுக்கும் தீனிக்கும் ஏற்ப வட்டாரந்தோறும் தனித்தனி இனங்கள் உருவாயின. டாம்வொர்த் பன்றி செந்நிறம். பெர்க்ஷயர் பன்றி கருநிறம். லிங்கன்ஷயரின் ஈரமான தாழ்நிலத்தில் குளிரைத் தாங்கும் சுருள்மயிர்ப் பன்றி வாழ்ந்தது. குளோஸ்டர்ஷயரின் பழத்தோட்டப் பன்றிக்கு வெள்ளுடலில் கரும்புள்ளிகள். ஆப்பிள் விழுந்து கன்றிய தழும்புகளே அவை என்று அவ்வூர் மக்கள் வேடிக்கையாகக் கூறுவர்.

இவ்வினங்களின் குருதியில் ஆசியாவுக்கும் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீன, சயாம் நாட்டுப் பன்றிகள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. உருவிற் சிறியவை, ஆனால் விரைவில் கொழுப்பவை. நெடுங்கால்களும் நீண்ட மூக்கும் உடைய உள்நாட்டுப் பன்றிகளோடு இவற்றைக் கலந்ததன் விளைவாகவே புதிய இனங்கள் பல தோன்றின.

இவ்வாறு தோன்றிய இனங்களுக்குப் பெயரும் இலக்கணமும் அளித்தவை வேளாண்மைக் கண்காட்சிகளே. இங்கிலாந்து அரச வேளாண்மைச் சங்கம் 1838இல் நிறுவப்பட்டு, 1839இல் ஆக்ஸ்போர்டு நகரில் தன் முதற் கண்காட்சியை நடத்தியது. சிற்றூர்களிலும் இத்தகைய காட்சிகள் பெருகின. அவற்றுள் ஒன்று, யார்க்ஷயரின் கீத்லி என்னும் ஊரில் 1852இல் நடந்தது. ஜோசப் டூலி என்ற நெசவாளி தம் வெள்ளைப் பன்றிகளை அங்குக் கொணர்ந்தார். பெருவெள்ளைப் பிரிவில் சேர்க்க அவை சிறியன. சிறுவெள்ளைப் பிரிவில் சேர்க்கவோ பெரியன. விதிப்படி அவற்றை விலக்கியிருக்கலாம். எனினும் அவற்றின் சிறப்பைக் கண்ட நடுவர்கள், அவற்றுக்கென்றே மூன்றாவது பிரிவு ஒன்றை வகுத்தனர். நடுவெள்ளை எனப் பொருள்படும் ‘மிடில் ஒயிட்’ இனம் பிறந்த வரலாறு இதுவே. 1884இல் தேசியப் பன்றி வளர்ப்போர் சங்கம் தோன்றி, இனங்களுக்குக் குலப்பதிவேடு வகுத்தது. ஓர் ஏழை நெசவாளியின் கொல்லைப் பன்றியும் இவ்வாறு குலவரலாறு பெற்றது.

ஆயினும், கண்காட்சியால் நன்மையே விளைந்தது என்று கூறுதல் நடுவுநிலை ஆகாது. பரிசை நாடியவர்கள் பயனை மறந்தனர். நடக்கவும் இயலாதபடி கொழுக்க வைத்த பன்றிகள் பரிசு பெற்ற காலமும் உண்டு. குட்டை மூக்கும் மட்டற்ற கொழுப்பும் அழகெனப் போற்றப்பெற்ற சிறுவெள்ளை இனம், உழவனுக்கு உதவாமற் போய் 1912இல் அற்றொழிந்தது.

அதனினும் பெரிய அழிவு சந்தையால் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் கொழுப்பை வெறுத்து மெலிந்த இறைச்சியை விரும்பினர். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரே சீரான பேக்கனோடு உள்நாட்டுப் பண்ணைகள் போட்டியிட வேண்டியிருந்தது. 1955இல் சர் ஹரால்டு ஹோவிட் தலைமையில் அமைந்த குழு, பெருவெள்ளை, வெல்ஷ், லேண்ட்ரேஸ் ஆகிய மூன்று இனங்களிலேயே கருத்தைச் செலுத்துமாறு பரிந்துரைத்தது. வாணிகக் கணக்கில் அது சரியே. ஆனால், பல தலைமுறைகளின் உழைப்பில் உருவான பிற இனங்கள் ஒவ்வொன்றாக மறையலாயின. கம்பர்லாந்துப் பன்றி 1960இல் மறைந்தது. லிங்கன்ஷயரின் சுருள்மயிர்ப் பன்றியும் 1970களின் தொடக்கத்தில் அற்றுப்போயிற்று.

அருகிவரும் இனங்களைக் காக்கும் அறநிலையம் பிரிட்டனில் 1973இல் நிறுவப்பட்டது. 1900 முதல் அதுவரை அந்நாட்டுக் கால்நடை இனங்களுள் 26 அழிந்தன என்பது அவ்வறநிலையத்தின் கணக்கு. டாம்வொர்த் இனத்தில் புதுக்குருதி வற்றியிருந்த நிலையில், 1976இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மூன்று ஆண்பன்றிகள் வருவிக்கப்பட்டன. முன்னொரு காலத்தில் கடல் கடந்து சென்ற குலம், தாயகத்தில் தளர்ந்த தன் இனத்துக்குக் கைகொடுத்தது!

இன்றும் இங்கிலாந்தின் நாட்டுப்புறக் காட்சிகளில், சிறு நிலத்தில் சில பன்றிகளை மட்டும் வளர்ப்போர் அவற்றைக் குளிப்பாட்டி, மயிர் வாரி அரங்குக்குக் கொணர்கின்றனர். பன்றிக்குக் கயிறு கட்டுவதில்லை. ஒரு கையில் பலகையும் மறு கையில் கோலும் கொண்டே அதனை நடத்துவர். நடுவர் காலின் உறுதியையும், காதின் அமைப்பையும், முலைக்காம்புகளின் எண்ணிக்கையையும் நோக்குவார். பரிசு பெறும் பன்றியின் குட்டிகளை நாடி வேறு வளர்ப்போர் வருவர், இனம் பரவும். இறைச்சியை விரும்பி வாங்குவோர் இருந்தால்தான் வளர்ப்போரும் இருப்பர் என்பதால், உண்பதே இவ்வினங்களைக் காக்கும் வழி என அவர்கள் சொல்வதும் உண்மையே.

ஒரு தலைமுறை வேண்டாவென்று தள்ளியதை மறு தலைமுறை தேடி அலையக்கூடும். தேடும்போது அது கிடைக்க வேண்டுமாயின், இடைக்காலத்தில் யாரேனும் அதனைப் பேணியிருத்தல் வேண்டும். டாம்வொர்த் இனத்துக்கு அத்தகையோர் வாய்த்தனர். லிங்கன்ஷயரின் சுருள்மயிர்ப் பன்றிக்கோ அறநிலையம் தோன்றும் முன்னரே காலம் கடந்துவிட்டது.