மாநிலப் பாதுகாப்புப் படைகள் (அமெரிக்க ஐக்கிய நாடு)

மாநிலப் பாதுகாப்புப் படை என்பது அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் ஆளுநருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னார்வலர் படை. சீருடையும் இராணுவப் பதவிப் பெயர்களும் இதற்கு உண்டு. ஆனால் இதைப் போர்முனைக்கு அனுப்ப முடியாது. ஓய்வுபெற்ற படைவீரர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், வழக்கறிஞர்கள், ஹாம் வானொலி ஆர்வலர்கள் எனப் பல தொழில் செய்வோர் வார இறுதிகளில் கூடிப் பயிற்சி பெறுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. சீருடையைக்கூடச் சொந்தப் பணத்தில் வாங்குவோர் பலர். புயல், வெள்ளம், காட்டுத்தீ, கொள்ளைநோய் ஆகிய காலங்களில் மீட்புக்கும் நிவாரணத்துக்கும் துணை நிற்பதே இன்று இப்படைகளின் தலையாய வேலை.

தேசியக் காவற்படை வேறு, இது வேறு. தேசியக் காவற்படைக்கு இரண்டு எசமானர்கள்: சாதாரண நாட்களில் ஆளுநர், நாடு அழைத்தால் அமெரிக்க அதிபர். அதிபர் அழைத்துக்கொண்டுவிட்டால் மாநிலத்தின் கையில் ஆள் இருக்காது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் மாநிலப் பாதுகாப்புப் படைகள் தோன்றின. தேசியக் காவற்படை வெளியே போனால் அவசரமாகப் படை திரட்டுவதும், அது திரும்பியதும் கலைத்துவிடுவதும் இரு உலகப் போர்களிலும் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறை கலைக்கப்பட்டபோதும் தலைவர்களும் பயிற்சியும் அனுபவமும் சேர்ந்தே கலைந்துபோயின. இப்படைகளின் பல குறைகளுக்கு வேர் இதுதான்.

முதல் உலகப் போர்

1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் தேசியக் காவற்படையைக் கூட்டாட்சி அரசின் பிடிக்குள் உறுதியாகக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் காவற்படையினர் முழுவதுமாக இராணுவத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறத் தயாரானார்கள். பாலம், தொழிற்சாலை, துறைமுகம் ஆகியவற்றை யார் காப்பது என்ற கேள்வி ஆளுநர்களுக்கு எழுந்தது. கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மின்னசோட்டா போன்ற மாநிலங்கள் ஊர்க்காவல் படை என்றும் மாநிலக் காவற்படை என்றும் பெயரிட்டு ஆள் சேர்த்தன. 1917 ஜூனில் காங்கிரஸ் இயற்றிய சட்டம் இவர்களுக்குத் துப்பாக்கியும் தளவாடமும் கொடுக்கப் போர்த்துறையை அனுமதித்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் 42 மாநிலங்களில் சுமார் ஒரு லட்சம் பேர் சேர்ந்திருந்தனர்.

எதிரி வரவில்லை, பேரிடர்கள் வந்தன. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்து நகரின் ஒரு பகுதியையே தரைமட்டமாக்கியது. சுமார் 2,000 பேர் மாண்டார்கள். அன்றிரவே பாஸ்டனிலிருந்து புறப்பட்ட நிவாரண ரயிலில் மாசசூசெட்ஸ் மாநிலக் காவற்படையின் மருத்துவப் பிரிவும் ஏறியது. பனிப்புயலைக் கடந்து ஹாலிஃபாக்ஸ் சேர்ந்த அந்தக் குழு கிடைத்த கட்டடத்தை மருத்துவமனையாக்கிக் காயமுற்றவர்களைக் கவனித்தது. மாசசூசெட்ஸ் செய்த உதவிக்கு நன்றியாக நோவா ஸ்கோஷியா மாகாணம் பாஸ்டன் நகருக்கு இன்றும் ஆண்டுதோறும் ஒரு கிறிஸ்துமஸ் மரம் அனுப்பிவருகிறது.

மாசசூசெட்ஸின் அதே படை 1918 செப்டம்பரில் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயைச் சந்தித்தது. பாஸ்டனை அடுத்த புரூக்லைனில் கோரி ஹில் என்ற குன்றின்மேல் கூடாரங்கள் அடித்து ஒரு திறந்தவெளி மருத்துவமனையை அமைத்தது. அங்கே நோயாளிகளைப் பகலில் கட்டிலோடு வெயிலுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். குளிர் தாக்காமலிருக்கப் போர்வையும் வெந்நீர்ப் பைகளும் கொடுத்தார்கள். பணியாளர் அணிந்த முகக்கவசம் சமையலறைக் கம்பி வடிகட்டியை முகத்துக்கேற்ப வளைத்து, அதன்மேல் ஐந்து மடிப்பு மருத்துவத் துணி வைத்துச் செய்தது. துணி மூக்கிலோ வாயிலோ படக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அங்கே விதி. ஏறக்குறைய ஒரு மாதத்தில் சேர்க்கப்பட்ட 351 பேரில் 36 பேர் இறந்தனர். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏற்கெனவே நிமோனியா கண்டிருந்தது என்பதையும், வேறு மருத்துவமனைகளில் அப்போது நிகழ்ந்த சாவுகளையும் நினைத்துப் பார்த்தால் இது பெரிய சாதனை.

மின்னசோட்டாவின் ஊர்க்காவல் படை இன்னொரு புதுமையைச் செய்தது. சொந்தக் கார் வைத்திருந்தவர்களைச் சேர்த்து 'மோட்டார் கோர்' என்ற பிரிவை உருவாக்கியது. 1918 ஆகஸ்டில் டைலர் என்ற சிற்றூரைச் சூறாவளி தாக்கியபோதும், அக்டோபர் 12 அன்று கிளோக்கெட், மூஸ் லேக் வட்டாரங்களைக் காட்டுத்தீ எரித்தபோதும் இவர்கள்தான் வண்டியோட்டினார்கள். ரயில்பாதையோரம் விழுந்த நெருப்புப் பொறிகள் காற்றில் பரவி 453 உயிர்களைக் கொன்ற தீ அது. புகையில் பாதை தெரியாத சாலைகளில் டுலூத் நகர்த் தன்னார்வலர்கள் தங்கள் கார்களை ஓட்டிச் சென்று மக்களை ஏற்றிவந்தார்கள். பிறகு பிணங்களைத் தேடியெடுத்தார்கள். கொள்ளை நடக்காமல் காவல் காத்தார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களிடையே இன்ஃபுளுவென்சாவும் பரவியதால் வேலை இரட்டிப்பானது.

இதே படைகளுக்கு வேறொரு முகமும் இருந்ததை மறைப்பதற்கில்லை. 1917 டிசம்பரில் செயின்ட் பால் நகர டிராம் தொழிலாளர் போராட்டத்தின்போது மின்னசோட்டா ஊர்க்காவல் படை தெருவில் இறக்கப்பட்டது. 1919 செப்டம்பரில் பாஸ்டன் போலீசார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தபோது ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் மாநிலக் காவற்படையை அழைத்தார். படை கூட்டத்தின்மீது சுட்டதில் உயிர்கள் போயின. ஹாலிஃபாக்ஸுக்கு மருத்துவம் செய்யப் போன அதே படைதான் இது. துப்பாக்கியைக் கையில் கொடுத்து உள்ளூர்ச் சச்சரவில் இறக்கிவிட்டால் தன்னார்வலர் படை என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. தேசியக் காவற்படை மீண்டும் கட்டப்பட்டதும் இப்படைகள் கலைக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போர்

1940 செப்டம்பரில் தேசியக் காவற்படை மீண்டும் அழைக்கப்பட்டது. அக்டோபர் 21 அன்று மாநிலக் காவற்படைச் சட்டம் வந்தது. இம்முறை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் கொடுத்த என்ஃபீல்டு துப்பாக்கிகளை 1942இல் போர்த்துறை திரும்பப் பெற்றுக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக வேட்டைத் துப்பாக்கிகளைத் தந்தது. மாநிலப் படைகளுக்குக் கூட்டாட்சி அரசு கொடுத்த மதிப்பு அவ்வளவுதான்.

அப்போது மாநிலமாகாத ஆட்புலமாக இருந்த ஹவாயில் 1941 டிசம்பர் 7 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே நாளில், பல்கலைக்கழகப் பயிற்சிப் படை மாணவர்களைக் கொண்டு ஆட்புலக் காவற்படை அமைக்கப்பட்டது. அவர்களில் கணிசமானோர் ஜப்பானிய வம்சாவளியினர். அடுத்த மாதமே அவர்களை நீக்கிவிட்டுப் படையைத் திருத்தி அமைத்தார்கள். ஒதுக்கப்பட்ட மாணவர்கள் மனம் கசந்து வீட்டில் உட்காரவில்லை. கூலி வேலையானாலும் செய்கிறோம் என்று விண்ணப்பித்து, கல்லுடைத்துச் சாலை போட்டு உழைத்தார்கள். அவர்களில் பலர் பின்னர் புகழ்பெற்ற 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார்கள்.

அலாஸ்காவின் கதை இன்னும் பெரியது. 1942 முதல் 1947 வரை இயங்கிய அலாஸ்கா ஆட்புலக் காவற்படையில் 107 ஊர்களைச் சேர்ந்த 6,368 பேர் ஊதியமின்றிப் பணிபுரிந்தார்கள். யூபிக், இன்யூப்பியாக், அலூட், அத்தபாஸ்கன், டிலிங்கிட் எனப் பல பழங்குடியினர் இதில் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். மேஜர் மார்வின் மார்ஸ்டன் நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். பனிவெளியின் ஒவ்வொரு வழித்தடமும் இவர்களுக்கு அத்துப்படி என்பதால் கடற்கரையைக் கண்காணித்தார்கள்; விழுந்த விமானங்களின் ஓட்டிகளைத் தேடி மீட்டார்கள். இராணுவ வீரர் என்ற சட்டப்படியான அங்கீகாரம் 2000ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதற்குள் அவர்களில் மிகப் பலர் இறந்துவிட்டார்கள். இந்த அநியாயத்தைத் திருத்த அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது வருந்தத்தக்கது.

போர் முடிந்த இரண்டாண்டுகளுக்குள் மாநிலப் படைகள் மறுபடி கலைக்கப்பட்டன. கொரியப் போர்க் காலத்தில் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்து காலாவதியானது. 1955இல்தான் மாநிலங்கள் நிரந்தரமாகப் படை வைத்துக்கொள்ளச் சட்ட அனுமதி கிடைத்தது. அது இன்று கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 32ஆம் தலைப்பில் 109ஆம் பிரிவாக இருக்கிறது. இப்படையை இராணுவத்தில் சேர்க்கவோ அழைக்கவோ முடியாது என்பதும், இராணுவ ரிசர்வில் உள்ளவர் இதில் சேரக் கூடாது என்பதும் அதன் முக்கிய விதிகள். சட்டம் அனுமதித்ததே தவிரப் பணம் ஒதுக்கவில்லை. செலவு முழுவதும் மாநிலத்தின் தலையில் விழுந்தது.

முதல் மறுமலர்ச்சி

1980களில் ரொனால்டு ரேகன் ஆட்சிக் காலத்தில் பல மாநிலங்கள் இப்படைகளைத் தூசி தட்டி எழுப்பின. தேசியக் காவற்படை வெளிநாட்டுப் பணிகளில் மேலும் மேலும் ஈடுபடுத்தப்பட்டது இதற்கு ஒரு காரணம். மின்னசோட்டா ஆளுநர் ரூடி பெர்பிச் தம் மாநிலத்தின் தேசியக் காவற்படையை மத்திய அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதை எதிர்த்து வழக்காடினார். 1990இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால், மாநிலம் விரும்பினால் தன் செலவில் தனிப் பாதுகாப்புப் படை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பதை அதே தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

இந்த மறுமலர்ச்சி கவனக்குறைவாகவும் நடந்தது. யூட்டா மாநிலத்தில் நவ நாஜிகளும் குற்றப் பின்னணி உள்ளவர்களும் படைக்குள் புகுந்துவிட்டது தெரியவந்தபோது, 1987இல் 31 அதிகாரிகளைத் தவிர மற்ற எல்லாரும் நீக்கப்பட்டனர். யாரைச் சேர்ப்பது என்பதைச் சரிபார்க்காமல் சீருடை கொடுத்ததன் விளைவு இது. பின்னணிச் சோதனை ஏன் தேவை என்பதற்கு யூட்டா நிகழ்வு ஒரு பாடம்.

கத்ரீனாவும் அதன் பிறகும்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க் காவற்படையும் கடற்காவற்படையும் பணிக்கு அழைக்கப்பட்டன. ஆனால் பேரிடர்ப் பணியே இப்படைகளின் எதிர்காலம் என்பதை உறுதிசெய்தது 2005 ஆகஸ்ட் 29 அன்று கரை கடந்த கத்ரீனா புயல். லூசியானா தேசியக் காவற்படையின் 256ஆவது காலாட்படைப் பிரிவும் மிசிசிப்பி தேசியக் காவற்படையின் 155ஆவது பிரிவும் அப்போது ஈராக்கில் இருந்தன. 1917இல் ஆளுநர்கள் கேட்ட அதே கேள்வி இப்போது வெள்ளத்தின் நடுவே எழுந்தது.

பல மாநிலங்களின் பாதுகாப்புப் படைகள் உதவிக்கு வந்தன. மேரிலாண்டு பாதுகாப்புப் படையின் மருத்துவர்களும் செவிலியர்களும் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய ஜெஃபர்சன் பாரிஷில் சிகிச்சை அளித்தார்கள். வெளிமாநில மருத்துவர் லூசியானாவில் மருத்துவம் பார்க்க உரிமம் கிடையாது என்ற தடையை ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ அவசர ஆணையால் தளர்த்தியிருந்தார். நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது, காகிதம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்பதைக் கத்ரீனா கற்றுக்கொடுத்தது. மாநிலங்களுக்கிடையிலான உதவி ஒப்பந்தத்தில் இத்தன்னார்வலரின் நிலை என்ன, அடிபட்டால் இழப்பீடு யார் தருவது போன்ற கேள்விகளுக்கு எல்லா மாநிலங்களும் ஒரே விடையை வைத்திருக்கவில்லை.

டெக்சஸ் மாநிலக் காவற்படை கத்ரீனா அகதிகளின் முகாம்களை நடத்தியது. அடுத்து வந்த புயல்களில் அதன் வேலை மேலும் ஒழுங்குபட்டது. வெளியேற்றப்படும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பட்டைக்குறியீடு அச்சிட்ட ஒரு பட்டையைக் கட்டுகிறார்கள். பேருந்தில் ஏறும்போதும் முகாமில் இறங்கும்போதும் அதை ஸ்கேன் செய்கிறார்கள். சக்கர நாற்காலி, மருந்துப் பை, வளர்ப்பு நாய் எல்லாம் அதே பதிவில் சேர்ந்துவிடுகின்றன. தாயும் பிள்ளையும் வெவ்வேறு பேருந்தில் போய்விட்டாலும் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு ஆயுதம் வேண்டாம், இளம் வயதும் வேண்டாம். பொறுமையும் பயிற்சியும் உள்ள அறுபது வயது ஆசிரியை இதைச் செய்துவிட முடியும். இந்தப் படைகளை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதற்கு நான் கூறக்கூடிய மிக வலுவான வாதம் இதுவே.

2010களில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் சேர்த்துச் சுமார் 14,000 பேர் இப்படைகளில் இருந்தனர். கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையின் பாடங்களை இவர்கள் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். 2020 தொடக்கத்தில் கலிபோர்னியா தன் படைக்குக் கலிபோர்னியா மாநிலக் காவற்படை என்ற பழைய பெயரை மீட்டுக் கொடுத்தது. காட்டுத்தீ அணைக்கும் குழுக்களையும் அது பயிற்றுவித்துள்ளது. கொரோனா காலத்தில் பரிசோதனை மையங்களிலும் உணவு வழங்கும் இடங்களிலும் பல மாநிலத் தன்னார்வலர்கள் நின்றார்கள்.

புளோரிடா

1947இல் கலைக்கப்பட்ட புளோரிடா மாநிலக் காவற்படையை மீட்டெழுப்பப்போவதாக 2021 டிசம்பரில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் அறிவித்தார். 200 பேர், 35 லட்சம் டாலர் என்பது முதல் திட்டம். 2023இல் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 1,500 பேராகவும், ஒதுக்கீடு பத்துக் கோடி டாலருக்கு மேலாகவும் உயர்ந்தது. விமானமும் படகும் வாங்கத் திட்டமிடப்பட்டது. பேரிடர்ப் பணி என்று நம்பிச் சேர்ந்தவர்களில் சிலர் பயிற்சி போர்ப்பயிற்சியாக மாறிவிட்டது என்று குறைகூறி விலகியதைப் பத்திரிகைகள் அந்தக் கோடையில் எழுதின. 2023 ஆகஸ்ட் 30 அன்று கீட்டன் பீச் அருகே இடாலியா புயல் கரை கடந்தபோது படை முதன்முறையாகக் களமிறங்கியது. 2024இல் ஹெலீன், மில்டன் புயல்களிலும் தேடுதல், மீட்பு, சாலையில் விழுந்த மரங்களை அகற்றுதல் ஆகிய பணிகளைச் செய்தது. அதே ஆண்டு இதை டெக்சஸ் எல்லைக்கு அனுப்பவும் ஆளுநர் அறிவிப்புச் செய்தார். 

1955ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் பொது. ஆயினும் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படை இன்று இயங்கவில்லை. அங்கெல்லாம் அடுத்த பெரும்புயலோ தீயோ வரும்போது, பதிவேட்டில் பெயரும் கையில் பயிற்சியும் இல்லாத தன்னார்வலர்களைத்தான் ஆளுநர்கள் அழைக்க வேண்டியிருக்கும்.