பிலிமத்தலாவைச் சுத்தியலும் கல்பாக்கத்து அயனும்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில பஸ்ஸில போனா, பிலிமத்தலாவையில் வரிசையா பித்தளைக் கடைகள் வரும். பட்டறையில் தகட்டைத் தட்டுறதை நாங்க நின்று பார்த்திருக்கிறோம். தட்டத் தட்டத் தகடு இறுகும். ஒரு கட்டத்தில் வெடிக்கப் பார்க்கும். நெருப்பில் காட்டினால் திரும்ப இளகும். உள்ளே அணுக்களின் வரிசை குலைவதும் சீராவதும்தான் விஷயம்.

சுத்தியலுக்குப் பதிலா அயன், அதாவது மின்னேற்றமுள்ள அணு, வந்து மோதினால்? 1852இல் வில்லியம் குரோவ், வாயுக் குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது மின்வாயின் உலோகம் பெயர்ந்து எதிரே படிவதைக் கண்டார். அயன்கள் மோதி மேற்பரப்பு அணுக்களைக் கிளப்பியதே காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

அணு உலை வந்ததும் இது உயிர்ப் பிரச்சினையாச்சு. வேகமான நியூத்திரன்கள் அணுக்களை இடம்பெயர்க்கும் என்று 1942இலேயே யூஜின் விக்னர் எச்சரித்தார். 1967இல், ஸ்கொட்லாந்தின் டூன்ரே உலையில் இருந்த உருக்குக்குள் நுண்ணிய ஓட்டைகள் உண்டானது தெரியவந்தது. ஓட்டை பெருகினால் உருக்கு வீங்கும். எரிபொருளைச் சுற்றியிருக்கும் உருக்குக் குழாய்தான் முதல் சுவர். அது வீங்கினால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

உலையில் சோதிக்க வருடக்கணக்கு ஆகும். அதனால் ஆய்வாளர்கள் முடுக்கியை எடுத்தார்கள். தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. அங்குள்ள ஆய்வு மையத்தில் உருக்கின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு, மீதியில் நிக்கல் அயன்களைப் பாய்ச்சுறாங்க. அடிபட்ட பக்கம் வீங்கி ஒரு படி மாதிரி உயர்ந்து நிற்கும். அந்தப் படியின் உயரமே வீக்கத்தின் அளவு.

இதிலே நம்ம பட்டறைக்கு ஒரு சொந்தம் இருக்கு. அந்த உலைகளுக்கென எடுத்த ‘டி9’ என்ற உருக்கைச் சூடாக்காமலே 20 சதவீதம் உருமாற்றிவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் உண்டாகும் குலைவுக் கோடுகள், பெயர்ந்த அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை வளர்வது தள்ளிப்போகும். தட்டி இறுக்குவதே காப்பு!

ஆனா ஒரு எச்சரிக்கை. அயன் மேற்பரப்பின் மைக்ரோமீட்டர் அளவுக்குள்ளேயே நின்றுவிடும். சேதத்தையும் மிக வேகமா செய்யும். நியூத்திரனோ குழாயின் முழுத் தடிப்பையும் வருடக்கணக்காத் தாக்கும். சில மணிநேரச் சோதனை, பல வருட உலைக்கு அப்படியே சமமில்லை. கல்பாக்கமும் நம்ம கிழக்குக் கரையும் ஒரே வங்கக் கடலோரம். அதனால் “சோதிச்சாச்சு” என்று யாராவது சொன்னால், எதை வைத்து, எத்தனை காலத்துக்கு என்று நாம கேட்கணும்.