கடலில் கலக்கும் மழைநீர் வீணா? மடவையைக் கேட்டுப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் மார்க்கெட். கொடுவா, மடவை, வெள்ளை இறால், சேற்று நண்டு எல்லாம் வரிசையாக இருக்கு. ‘எல்லாமே கடல்ல இருந்து வந்ததுதானே’ன்னு நினைச்சுக்கிட்டு பேரம் பேசுறீங்க. ஆனா, இந்த நாலுக்குமே கடல் மட்டும் போதாது. ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரமும் வேணும். அந்த முகத்துவாரம் எப்படி இருக்கும், அதில் எது வாழும் என்பதைத் தீர்மானிப்பது மழை.

ஒரே கடற்கரை, வேற வேற மழை

சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை பெய்கிறது. அதே கடற்கரையில் தெற்கே இருக்கும் தூத்துக்குடியில் சுமார் 65 செ.மீ. மட்டுமே. பாதிகூட இல்லை! அங்கே உப்பளங்கள் செழிப்பதற்கு இந்த வறண்ட வானிலையும் ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கொச்சியில் ஏறத்தாழ 300 செ.மீ. கொட்டித் தீர்க்கிறது.

அளவு மட்டுமல்ல, காலமும் முக்கியம். கொச்சிக்கு ஜூனில் தொடங்கும் மழை, பல மாதங்கள் விட்டு விட்டுத் தொடரும். நம் கிழக்குக் கரைக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை. மீதி மாதங்களில் பல ஓடைகள் குட்டைகளாகச் சுருங்கிவிடும்.

‘அப்போ தூத்துக்குடி மாவட்டத்து ஆறு எல்லாமே வறண்டுதான் இருக்குமா?’ன்னு கேட்கலாம். இல்லைங்க. புன்னக்காயலில் கடலைத் தொடும் தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. இரண்டு பருவமழையும் அதற்குக் கிடைக்கிறது. அதே மாவட்டத்தில் கடல் சேரும் வைப்பாறோ வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. கரையில் பெய்யும் மழை ஒரு கணக்கு, ஆறு பிறக்கும் இடத்தில் பெய்யும் மழை இன்னொரு கணக்கு. உயிரினங்களுக்கு இரண்டுமே முக்கியம்.

உப்புதான் வாசல்காரன்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மழை வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தில் இந்த அளவு மளமளவெனக் குறையும். கோடையில் வெயில் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஆழமில்லாத கழிகளில் கடலைவிடவும் உப்பு கூடிவிடும்.

நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் தானாகவே புகுந்துகொண்டே இருக்கும். அதைச் சிறுநீராக வெளியேற்றியே அது பிழைக்கிறது. கடல் மீனுக்கு இது தலைகீழ். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். மடவை, கொடுவா, திலேப்பியா எல்லாம் அந்த ரகம்.

அதனால், மழை நிறைய பெய்து நீரோட்டம் நிற்காத ஓடைகளில் கெண்டை, கெளுத்தி, நன்னீர் இறால், தட்டான் பூச்சிகளின் குஞ்சுகள் எனப் பலவகை உயிர்கள் இருக்கும். மழை குறைந்த ஓடைகளில் வகைகள் குறையும். எதையும் தாங்கும் சில இனங்களே நிலைக்கும். விரால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் என்பதால் சேறாகிப்போன குட்டையிலும் தாக்குப்பிடிக்கும். கப்பி போன்ற சின்ன மீன்கள் முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும். சீக்கிரமே பெருகும் என்பதால் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தாலே போதும்.

கதவைத் திறக்கும் வெள்ளம்

நம் கடற்கரையில் அலைகள் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றில் ஓட்டம் இல்லாத மாதங்களில் அந்த மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். மழை வெள்ளம்தான் அதை உடைத்து வழிவிடும். மழை பொய்த்த வருஷங்களில் பழவேற்காடு மீனவர்கள் ‘முகத்துவாரத்தைத் தூர்வாருங்க’ன்னு குரல் கொடுப்பது இதனால்தான்.

கதவு அடைபட்டால் யாருக்கு நஷ்டம்? வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்துக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். சேற்று நண்டில் பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். விலாங்கு பல வருஷம் ஆற்றில் வாழ்ந்துவிட்டு, இனப்பெருக்கத்துக்குக் கடலைத் தேடிப் போகும். நன்னீர்ப் பெரிய இறாலோ ஆற்றில் வாழும், ஆனால் குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். எல்லாருக்கும் ஒரே வழிதான். அது மூடியிருந்தால் பயணம் நின்றுபோகும்.

மழை அதிகமானாலும் சிக்கல் உண்டு. மீன் நீந்தித் தப்பிக்கும், மட்டி எங்கே போகும்? ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் சமாளிக்கும். உப்பில்லாத வெள்ளம் நீடித்தால் இறந்துபோகும்.

முதல் மழையில் ஏன் சாகுது?

சென்னையில் அடையாறு போன்ற இடங்களில் முதல் மழைக்குப் பிறகு மீன்கள் செத்து மிதப்பதாகச் செய்தி வரும். மழைதானே நல்லது, அப்புறம் ஏன்? மாதக்கணக்கில் தேங்கிய கழிவுச் சேற்றை அந்த மழை கிளறிவிடுகிறது. தெருக் குப்பையும் சேர்ந்துகொள்ள, தண்ணீரில் ஆக்ஸிஜன் சட்டென்று குறைந்து மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. குற்றம் மழையுடையது இல்லை, நாம் சேர்த்து வைத்ததுடையது.

நாம என்ன செய்யலாம்?

* மழைநீர் வடிகாலில் குப்பையோ, சமையல் எண்ணெயோ கொட்டாதீங்க. அதன் கடைசி நிறுத்தம் முகத்துவாரம்தான்.

* தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீன்களை ஓடையில் விடாதீங்க. கப்பி, திலேப்பியா, சக்கர் மீன் எல்லாம் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும்.

* முட்டையோடு இருக்கும் நண்டை வாங்காதீங்க. கேட்க ஆள் இல்லையென்றால் பிடிப்பதும் குறையும்.

அப்புறம், ஒவ்வொரு மழைக்காலத்திலும் காதில் விழும் வார்த்தை ஒன்று: ‘இவ்வளவு தண்ணியும் வீணா கடல்ல கலக்குதே!’ ஏரியும் குளமும் நிரம்பணும், அதில் சந்தேகமே இல்லை. ஆனா, கொஞ்சம் தண்ணீர் கடலைத் தொட்டே ஆகணும். அதுதான் கதவைத் திறக்கிற சாவி. அடுத்த முறை தட்டில் இறால் வறுவல் விழும்போது, அது வந்த வழியைத் திறந்துவிட்ட மழையையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!